தியானம் கைகொடுக்கும், ஓய்வுக்கு ஈடாகாது

இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியும் கண் மூட முடியாத செவிலியர். நோயாளியின் உறவினர் கேட்கும் சாதாரணக் கேள்விக்கே எரிந்து விழும் பயிற்சி மருத்துவர். என்ன செய்து என்ன பயன் என்று சலித்துப்போன ஆம்புலன்ஸ் ஊழியர். இவர்களிடம் தெரிவது குணக்கேடு அல்ல, பணிச்சோர்வு. உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தமே இதற்குக் காரணம் என்றும் சொன்னது. ஆகவே தீர்வின் ஒரு பாதி ஊழியரின் கையிலும், மறு பாதி நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

ஹாங்காங் அரசு மருத்துவமனைப் பணியாளர்கள் 102 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2015-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினர், பணியில் தாங்கள் நன்றியோடு நினைப்பவற்றை வாரம் 2 முறை வீதம் 4 வாரங்கள் எழுதினர். மற்றவர்களைவிட அவர்களிடம் மன அழுத்தமும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. நீங்களும் எழுதிப் பார்க்கலாம். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுவாக எழுதாதீர்கள். 'மூன்றாம் படுக்கைப் பாட்டி இன்று தானே எழுந்து உட்கார்ந்தார்' என்பதுபோல் நடந்ததைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தியானத்துக்குத் தனி நேரம் கிடைக்காவிட்டால், கை கழுவும் நேரமே போதும். முறைப்படி சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். அதுவரை தண்ணீரின் குளிர்ச்சியையும் மூச்சு வந்து போவதையும் மட்டும் கவனியுங்கள். அடுத்த நோயாளியிடம் போகும் முன் மனம் சற்று அடங்கும்.

கவனம் தேவை

தியானத்துக்காகக் கண் மூடி அமர்ந்ததும் சிலருக்கு, கண்ணெதிரே நிகழ்ந்த மரணமோ தாக்குதலோ மீண்டும் மீண்டும் மனத்தில் ஓடும். அப்படி நேர்ந்தால் உடனே நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். தூக்கத்துக்காகத் தாமே மாத்திரை போட்டுக்கொள்வது, மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து. நன்றியுணர்வின் பெயரால் குறைகளை விழுங்கவும் வேண்டாம். விடுப்பு கேட்டவரைத் தியான வகுப்புக்கு அனுப்புவது நலத்திட்டமாகாது.

உங்கள் உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது எல்லோருக்கும் உரிமை. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாக மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும்.

பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்கு நியாயமான பணி நேரம், அன்றாட ஓய்வு, வார விடுமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு ஆகியவற்றை 2023-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிமுறைகள் சொல்கின்றன. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகும் பெண்கள், 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் கட்டாயம் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தரலாம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தண்டிக்க 2008 முதல் தனிச் சட்டமே உண்டு.

எங்கே உதவி கேட்பது?

கூடுதலாகப் பார்த்த பணி நேரத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். நிர்வாகத்திடம் தனியாக ஓய்வு கேட்கத் தயக்கமிருந்தால், சக ஊழியர்களோடு சேர்ந்து எழுத்துமூலம் கேளுங்கள். மனுவின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

மனச்சோர்வோ தூக்கமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையானவரிடம் உடனே சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

உங்களோடு டூட்டி பார்ப்பவர் சில நாட்களாக ஒதுங்கியே இருந்தால், இன்றே அருகில் உட்கார்ந்து விசாரியுங்கள்.