காத்திருப்போரின் செபம் – 9: ஓஸ்தியாவில் கிடைத்த கல்

சீலோவில் உதடு மட்டும் அசைய மன்றாடிய அன்னாவின் வரலாறு சென்ற வாரத்தோடு நிறைவுற்றது. கேட்டது மறுக்கப்பட்ட பின்னும் கேட்பதை விடாத மோனிக்கா என்னும் தாயே இவ்வாரத்துக்கு உரியவர்.

பிற்காலத்தில் ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய அவருடைய மகன் அகுஸ்தின், இளமையில் மானிக்கேயத்தில், அதாவது ஒளியும் இருளும் ஆதிமுதல் ஒன்றையொன்று எதிர்க்கும் இரு ஆற்றல்கள் எனக் கற்பித்த சமயத்தில் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் நின்றார். தாம் ஒரு மர அளவுகோலின் மேல் நிற்பதாகவும், தாம் இருக்கும் இடத்தில் மகனும் இருப்பான் என்று ஒளிமிக்க இளைஞன் ஒருவன் தேற்றுவதாகவும் தாய் கனவு கண்டார். தாய்தான் தம் பக்கம் வரப்போகிறார் என்று மகன் பொருள் சொல்ல, அவன் இருக்குமிடத்தில் நான் என்று சொல்லப்படவில்லையே என நொடியும் தயங்காமல் அவர் மறுத்ததாக அகுஸ்தினே எழுதிவைத்திருக்கிறார்.

ஆயினும் 383இல் மகன் உரோமைக்குப் புறப்பட்டபோது, அவர் கார்த்தேஜ் கடற்கரைவரை பின்தொடர்ந்து தடுத்தார். நண்பனை வழியனுப்புவதாகப் பொய் சொன்ன மகன், கரையருகே இருந்த புனித சிப்ரியானின் நினைவாலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு இரவோடிரவாகக் கப்பலேறினார். மகன் போகக்கூடாது என்பதே அவ்விரவு முழுவதும் அத்தாயின் மன்றாட்டு. விடிந்தபோது கப்பல் இல்லை. ஆனால் அப்பயணமே அகுஸ்தினை மிலானுக்கும், அங்கிருந்த ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளுக்கும், 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில் பெற்ற திருமுழுக்குக்கும் கொண்டு சேர்த்தது. அன்றிரவு கேட்டதைத் தராததன் மூலமே, தாய் எந்நாளும் கேட்டுவந்ததை இறைவன் தந்தார் என்பது அகுஸ்தினின் விளக்கம். செபத்தின் மேலோட்டமான வேண்டுதலையும் அதன் வேராகிய வேண்டுதலையும் இவ்வாறு பிரித்தறிவதில்தான் காத்திருப்பவரின் விசுவாசம் நிலைகொள்கிறது.

இவ்விடத்தில் மோனிக்காவின் கல்லறையோடு தொடர்புள்ள ஒரு கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1945இல், உரோமைக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான ஓஸ்தியாவில், புனித அவுரேயா ஆலயத்தை ஒட்டிய முற்றத்தில் சிறுவர் இருவர் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, எழுத்துப் பொறித்த பளிங்குத் துண்டு ஒன்று அகப்பட்டது. அனிசியுஸ் பாஸுஸ் என்பவர் மோனிக்காவுக்காக இயற்றிய கல்லறைப் பாடல் இடைக்கால ஏட்டுப்படிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. உடைந்து எஞ்சிய எழுத்துகள் அப்பாடலின் வரிகளோடு பொருந்தின. ஏட்டில் மட்டும் வாழ்ந்த செய்யுளுக்கு, சிறுவர் தோண்டிய குழி கல்லிலேயே சான்று தந்தது.

அந்தக் கல் ஓஸ்தியாவில் இருப்பதற்கும் நிறைவேறாத ஒரு விருப்பமே காரணம். சொந்த ஊரான தாகாஸ்தேயில், கணவர் பத்ரிசியுஸின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று மோனிக்கா நெடுநாள் விரும்பி, அங்கே தமக்கு இடமும் ஏற்பாடு செய்திருந்தார். மகனின் திருமுழுக்குக்குப் பின் ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், 56ஆம் வயதில், ஓஸ்தியாவில் இறுதிக் காய்ச்சலில் கிடந்த நாள்களில் அவ்விருப்பத்தைத் தாமே கைவிட்டு, உடலை எங்கேனும் புதையுங்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். கார்த்தேஜ் கரையில் விடமுடியாமல் அழுதவர், ஓஸ்தியாவில் தாமாகவே விட்டுக்கொடுத்தார். இடையில் கழிந்த நான்கு ஆண்டுக் காத்திருப்பு மகனை மட்டும் மாற்றவில்லை என்பதற்கு அந்தப் பளிங்குத் துண்டே சாட்சி.



(தொடரும்)