ரோஜாக் குச்சிக்கு ஃப்ரிட்ஜ், முருங்கைக்கு நிழல்

வேளச்சேரியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் ஒரு சங்கடம் வரும். ஊட்டிக்குப் போய்வந்த உறவினர் ஆசையாக நாலு ரோஜாக் குச்சி கொண்டுவந்து தருவார். அன்றைக்கென்று தொட்டி காலியாக இருக்காது, மண் கலந்திருக்காது. வெளியே கத்திரி வெயில். சாயங்காலத்துக்குள் குச்சியின் தோல் சுருங்கத் தொடங்கிவிடும். அதைக் காப்பாற்றும் கருவி சமையலறையிலேயே இருக்கிறது: மல்லிகைச் சரத்தைச் சுற்றி வைக்கும் அதே ஃப்ரிட்ஜ்.

வெட்டிய குச்சி உயிருள்ளது. வேர் போனதால் தண்ணீர் வரத்து மட்டுமே நின்றிருக்கிறது. உயிரணுக்கள் தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழித்துத் தொடர்ந்து சுவாசிக்கின்றன. புது வேர் விடுவதற்கான முதலும் அந்தக் கையிருப்புதான். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 38 டிகிரி மாடியிலிருந்து 8 டிகிரி காய்கறித் தட்டுக்கு வந்த குச்சிக்கு மூன்று முறை பாதியாகிறது. மாடியில் ஒரே நாளில் தீரும் கையிருப்பு, இங்கே எட்டு நாள் வரும்.

செய்முறை எளிது. இலைகளைக் கிள்ளிவிடுங்கள்; ஈரம் அதிகம் போவது அவற்றின் வழியாகத்தான். அடிநுனியைச் சாய்வாகவும் மேல்நுனியை நேராகவும் வெட்டிவைத்தால், நடும்போது தலைகீழாகிவிடாது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டுக் காய்கறித் தட்டில் வையுங்கள். தண்ணீர் சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரீசர் கூடவே கூடாது. உயிரணுவுக்குள் பனிக்கட்டி உருவாகி அதைக் கிழித்துவிடும். பழுத்த மாம்பழமும் ஆப்பிளும் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு தளிர்களை முதுமையாக்கும். இப்படி வைத்தால் ரோஜாக் குச்சி ஒரு வாரம் தாங்கும். நடுவதற்கு முன் சற்று நேரம் நிழலில் வைத்து, அடிநுனியைப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய அளவிலும் நடப்பது இதுதான். உகாண்டா பண்ணைகளில் வெட்டப்படும் சாமந்தித் தளிர்கள், வேர் விடாமலே, குளிர் குறையாமல் விமானமேறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. ஆப்பிள் ஒட்டுக்கான குச்சிகளைச் செடி உறங்கும் குளிர்காலத்தில் வெட்டி, ஒட்டுக்கட்டும் பருவம் வரும்வரை குளிரில் வைத்திருப்பார்கள்.

ஆனால் செம்பருத்தி, துளசி, முருங்கைக்கு இந்த உபசாரம் ஆகாது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும்; பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. செடிகளிலும் அதே வேறுபாடுதான். உயிரணுவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு, குளிர்நாட்டுச் செடிகளில் நல்லெண்ணெய் மாதிரி இளகியே இருக்கும். நம் ஊர்ச் செடிகள் பலவற்றில், சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் அது தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகும். பிறகு கசியும், தண்டு கறுக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பதும் இதனால்தான். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,500-க்கும் மேற்பட்ட வாழை வகைகளைப் பாதுகாக்கும் உலகச் சேமிப்பகத்தில்கூட, கண்ணாடிக் குழாய்களில் வளரும் கன்றுகளை 16 டிகிரியில்தான் வைக்கிறார்கள்.

நம் விவசாயிகள் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். முருங்கைப் போத்தின் வெட்டுவாயில் சாணம் அப்பி நிழலில் வைப்பார்கள். ஈரம் அந்த வழியாகப் போகாது. மரவள்ளிக் குச்சிகளைக் காற்றோட்டமான மரநிழலில் நிமிர்த்தி அடுக்குவார்கள். வேளச்சேரி அடுக்குமாடியில் மரநிழல் இல்லாவிட்டாலும் மாடிப்படியின் அடியில் வெயில் படாத ஒரு மூலை இருக்கும். குச்சி கைக்கு வந்ததும் அதன் பூர்வீகத்தை விசாரியுங்கள். குளிர் பழகிய ஊர் என்றால் காய்கறித் தட்டு. நம் ஊர் என்றால் அந்த மூலையே போதும்.