உங்களுக்குத் தெரியுமா? மூலிகைச் சாறு கிருமியை அடக்குமா என்று சோதிப்பது எப்படி?

● வேப்பிலை, துளசி போன்றவற்றை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலிலோ நீரிலோ ஊறவைத்து வடிகட்டுவார்கள். கரைப்பானை ஆவியாக்கியபின் மிஞ்சுவதே சோதனைக்குரிய சாறு.

● கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் தட்டில் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, சாறு ஏற்றிய 6 மி.மீ. வட்டத்தாளை அதன்மேல் வைப்பார்கள். சுமார் 37 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைத்தபின், சாறு வேலைசெய்திருந்தால் தாளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரியும்.

● ஒப்பீட்டுக்காக ஆன்டிபயாடிக் தாள் ஒன்றும், வெறும் கரைப்பான் தாள் ஒன்றும் வைப்பார்கள். கரைப்பானே வளையம் உண்டாக்கினால், அந்தப் பெருமை மூலிகைக்குச் சேராது.

● ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் எளிதில் பணியாதவை. அவற்றின் வெளிச்சவ்வு பல தாவர வேதிப்பொருள்களை உள்ளே விடாது.

● வளையம் சிறிதென்றால் வீரியம் குறைவு என்று முடிவுகட்ட முடியாது. நீரில் எளிதில் கரையாத பொருள்கள் அகரில் மெதுவாகவே பரவும். ஆகவே, கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவையும் தனியே கண்டறிவார்கள்.

● தட்டில் வென்ற சாறு உடனே மருந்தாகிவிடாது. நச்சுத்தன்மை, அளவு, மனிதர்களிடம் பலன் ஆகியவற்றையும் சோதித்தாக வேண்டும். அந்தச் சாற்றை நம்பி, மருத்துவர் தந்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.