சிறை சென்று பெற்ற ஒற்றையடிப் பாதை

மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டுக்குச் செல்லும் ரயில் வழியில் கவ்பர்ன் என்ற சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதன் நீளம் 3,702 கஜம்; அதாவது இரண்டு மைலுக்கும் மேல். இருட்டிலிருந்து வண்டி வெளியே வந்ததும் இருபுறமும் பச்சை மலைகள், நடுவே கல் சுவர்களால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்கள். அடுத்து நிற்கும் ஸ்டேஷன் ஈடேல்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் உள்ள சின்னஞ்சிறு கிராமம் இது. ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு மதுவிடுதிகள், சில நூறு மக்கள். 1894-ல் பயணிகள் ரயில் வந்திராவிட்டால் பக்கத்து நகரத்தார்கூட இந்த ஊரின் பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்று சனி, ஞாயிறுகளில் முதுகில் மூட்டையும் காலில் கனத்த பூட்சுமாக வண்டி வண்டியாக மனிதர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். எதற்காக? நடப்பதற்காக!

பட்டா ஒருவருக்கு, பாதை ஊருக்கு

நடப்பதற்கு ரயிலேறி வருவானேன் என்று கேட்கலாம். ஈடேலைச் சுற்றிலும் வயல்களின் குறுக்கேயும் மலைச் சரிவுகளிலும் ஒற்றையடிப் பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. கொங்கு நாட்டில் இட்டேரி என்பார்களே, அதைப்போலச் சில. வெறும் வரப்பாகச் சில. நிலம் தனியாருடையது. உழுவதும் ஆடு மேய்ப்பதும் அவர் உரிமை. ஆனால் அதன் ஊடே செல்லும் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் பொது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொதுவழிகள் சுமார் 1,40,000 மைல் உள்ளன.

ஒரு பாதையை மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தி வந்தால் அதைப் பொதுவழியாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். ஒருமுறை பொதுவழியானது, முறைப்படி ரத்து செய்யப்படும் வரை பொதுவழிதான். யாரும் நடக்காமல் புல் மண்டிப் போனாலும் உரிமை சாவதில்லை.

பாதை வயலின் குறுக்கே போனால் விவசாயி உழலாம். ஆனால் உழுத 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைச் சமன் செய்து தர வேண்டும். வயலோரமாகச் செல்லும் பாதையில் கலப்பை படவே கூடாது. காளைக்கும் சட்டம் உண்டு. பொதுப்பாதை உள்ள வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை அவிழ்த்துவிடக் கூடாது. வேறு இனக் காளையானால் கூடவே பசுக்கள் இருக்க வேண்டும். பசுக்கள் பக்கத்தில் இருந்தால் காளை சாதுவாக இருக்கும் என்பது சட்டம் இயற்றியவர்களின் நம்பிக்கை போலும்! எது எந்த இனம் என்று தெரியாதவர்கள் சுவருக்கு இப்பாலேயே நின்றுவிடுவது உத்தமம்.

சுவரைக் கடக்கக் கற்படிகள் உண்டு. சில இடங்களில் ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய ஆட்டக் கதவு இருக்கும். மனிதன் வளைந்து புகுந்துவிடுவான், மாடு புக முடியாது. இதற்கு ‘முத்தக் கதவு’ என்று பெயர். கதவு இருபுறத்துக் கம்பத்தையும் தொட்டுத் தொட்டு வருவதால் வந்த பெயர் என்கிறார்கள். இளவட்டங்கள் வேறு விளக்கம் சொல்வதுண்டு.

சவப்பெட்டி சென்ற வழி

பொழுதுபோக்காக நடப்பவர்கள் இன்று மிதிக்கும் பாதைகள் பொழுதுபோக்குக்காகப் போடப்பட்டவை அல்ல. ஈடேலுக்குத் தெற்கே உள்ள மலை முகட்டில் ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய் இருக்கிறது. அதைத் தாண்டினால் காசில்டன். 1630-களில் ஈடேலுக்கென்று தனி மாதா கோயில் எழும் வரை இங்கு யார் இறந்தாலும் காசில்டன் கல்லறையில்தான் அடக்கம் செய்ய வேண்டும். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து இந்த முகட்டை ஏறி இறங்கினார்கள். பனிக்காலத்திலும் அதே வழிதான்.

பிறகு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈடேலில் ஒரு பஞ்சு நூற்பு மில் வந்தது. காசில்டன் பெண்கள் அதே மலையேறி மில் வேலைக்கு வந்தார்கள். பிணம் சுமந்த பாதை பிழைப்புப் பாதையாயிற்று.

முகட்டோடு மேற்கே போனால் 517 மீட்டர் உயரமுள்ள மாம் டோர். அடிக்கடி மண் சரிவதால் ‘நடுங்கும் மலை’ என்றும் பெயர். இதன் அடிவாரத்தில் போட்ட மோட்டார் ரஸ்தாவைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு அலுத்துப்போய் 1979-ல் போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். தார் ரஸ்தா பிளந்து கிடக்கிறது. அதற்கு எத்தனையோ தலைமுறை முந்திய ஒற்றையடிப் பாதை மேலே சௌக்கியமாக இருக்கிறது.

1932-ல் நடந்தது

ஈடேலுக்கு வடக்கே கிண்டர் ஸ்கவுட். 636 மீட்டர் உயரம். சுற்று வட்டாரத்தில் இதுவே உச்சம். ஆனால் அங்கே ஏற முடியாது. மேட்டு நிலம் முழுவதும் பிரபுக்களின் க்ரௌஸ் பறவை வேட்டைக் காடு. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே நடக்கும் வேட்டைக்காக ஆண்டு முழுவதும் காவலாட்கள் தடியோடு நின்றார்கள். ஆறு நாள் மில் புகையிலும் ஆலைச் சத்தத்திலும் கிடந்த மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளிக்கு ஏழாம் நாள் நல்ல காற்று வாங்க இந்த மலைதான் கண்ணில் பட்டது. கண்ணில் மட்டும்தான்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர், வேலையிழந்த மெக்கானிக், கம்யூனிஸ்ட் ஊழியர், நூற்றுக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு மலை மீது ஏறினார். மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் போலீசார் தன்னைத் தடுக்கக் காத்திருப்பார்கள் என்று அவர் ரயிலைத் தவிர்த்துச் சைக்கிளிலேயே ஹேஃபீல்டு கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். போலீசார் நின்ற மைதானத்தை விட்டுவிட்டு ஒரு பழைய கல்குவாரியில் பாறை மேல் நின்று பேசினார். மறுபுறம் ஷெஃபீல்டு கோஷ்டி ஈடேலிலிருந்து ஏறியது. நடுவே காவலாட்களுடன் கைகலப்பு.

திரும்பி வந்ததும் கைது. டெர்பி நகரில் விசாரணை. பிறர் நிலத்தில் நுழைவது அந்நாட்டில் கிரிமினல் குற்றமே அல்ல என்பதால் கலகம் செய்ததாகவும் தாக்கியதாகவும் வழக்குப் போட்டார்கள். ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். இத்தனைக்கும் நடைச் சங்கத்துப் பெரியவர்களே அவர்களுடைய செயலை ஏற்கவில்லை. சர்க்காரிடம் பேசிச் சாதிக்க வேண்டியதைச் சிறுபிள்ளைகள் கெடுத்துவிட்டார்கள் என்றே கருதினார்கள். ஆனால் தண்டனை கடுமையாக இருந்ததால் ஊர் அனுதாபம் சிறை சென்றவர்கள் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டு காசில்டன் அருகே நடந்த கூட்டத்துக்குச் சுமார் 10,000 பேர் திரண்டார்கள்.

1949-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லையிலுள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. 1951-ல் ஈடேலை உள்ளடக்கிய பீக் டிஸ்டிரிக்ட், நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. பாதையை விட்டு விலகித் திறந்த மேட்டு நிலத்தில் உலாவும் உரிமைக்கோ 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2002-ல் எழுபதாம் ஆண்டு விழாவில் டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தம் பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

மில் தளம் மலை ஏறியது

ஈடேலில் 1577-ல் கட்டப்பட்ட ‘ஓல்ட் நாக்ஸ் ஹெட்’ விடுதி வாசலில் ‘பென்னைன் வே’ என்ற நெடும்பாதை தொடங்குகிறது. ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி 268 மைல். டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் 1935-ல் எழுதிய கட்டுரையில் பிறந்த யோசனை, முப்பதாண்டுகள் கழித்து 1965 ஏப்ரல் 24-ல் நிறைவேறியது. அதே ஏப்ரல் 24!

உரிமை வந்ததும் உபத்திரவமும் வந்தது. மேட்டு நிலம் ‘பீட்’ எனப்படும் கரிய நொய்ந்த மண். ஆயிரக்கணக்கான பூட்சுகள் மிதித்ததில் பாதை அகழியாகி, முழங்கால் ஆழம் சேறானது. தொடக்கப் பாதையையே ‘ஜேக்கப் ஏணி’ வழியாக மாற்ற வேண்டி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேக்கப் என்ற விவசாயி, பொதிக்குதிரை சுற்றுவழியில் வர, தான் குறுக்கே ஏறுவதற்காக வெட்டிய படிகளாம் அவை.

சேற்றுக்கு மருந்தாகக் கற்பலகைகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பதித்தார்கள். அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தவை? மூடப்பட்டு இடிக்கப்பட்ட லங்காஷயர் துணி மில்களின் தளக்கற்கள்! அந்த மில் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்ததையும், இங்கே தறிகள் ஓய்ந்ததையும் இந்தியர் மறந்திருக்க முடியாது.

இந்த மலையை லேசாக எண்ணிவிடக் கூடாது. 1964 மார்ச்சில், ஈடேல் விடுதி வழியாகச் செல்லும் 40 மைலுக்கும் மேற்பட்ட நடைப் போட்டியில் சாரண இளைஞர் மூவர் குளிரிலும் மழையிலும் விறைத்து இறந்தார்கள். அதன் பிறகே இந்த வட்டாரத்து மலை மீட்புக் குழுக்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவற்றில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நள்ளிரவில் மணி அடித்தாலும் எழுந்து போகிறார்கள்.

விடுபட்ட பாதைகள்

1949-க்குப் பிறகு எடுத்த கணக்கில் பல பாதைகள் விட்டுப்போயின. 2026-க்குள் பதிவு செய்யாத பழைய வழிகளின் உரிமை போய்விடும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் பழைய நிலவரி வரைபடங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பாதை பாதையாக மனுப் போட்டார்கள். கெடு பின்னர் 2031 வரை தள்ளிப் போடப்பட்டது. 2024 டிசம்பரில், இங்கிலாந்தில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. மனுக்களை மாவட்ட அலுவலகங்கள் பைசல் செய்வதற்குத்தான் ஆண்டுக்கணக்காகிறது. அந்த விஷயத்தில் எல்லா நாட்டு ஆபீசும் ஒன்றுதான்.

ஞாயிறு மாலை ஈடேல் பிளாட்பாரத்தில் கூட்டம் நிற்கிறது. பூட்ஸ் முழுவதும் கரிய சேறு. அதை உதறிவிட்டு ஏறுகிறவர்கள் பாதி; அப்படியே ஏறி உட்காருகிறவர்கள் பாதி.