தோட்டத்துச் சாளைக்கு எவ்வளவு பேட்டரி? அடைமழையை வைத்துக் கணக்கிடுங்கள்

மின் இணைப்பு கிடைக்காத தோட்டத்துச் சாளைகளில் சோலார் தகடு மாட்டியும், கையால் செய்த சிறு காற்றாலை நிறுத்தியும் விவசாயிகள் சிலர் தாங்களே மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள். தகட்டையும் காற்றாலையையும் பார்த்துப் பார்த்து அமைப்பவர்கள், பேட்டரியை மட்டும் கையில் மிஞ்சிய பணத்துக்குத் தக்கபடி வாங்குகிறார்கள். இது பெரும் நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

உடுமலைப்பேட்டை அருகே மலையடிவாரத்தில் மக்காச்சோளம் பயிரிட்ட ஒரு விவசாயிக்கு இதுதான் நேர்ந்தது. தகடு, காற்றாலை இரண்டும் அவரிடம் இருந்தன. இரண்டு பழைய கார் பேட்டரிகளை வைத்து வீட்டு விளக்கு, விசிறி, டி.வி., காட்டுப்பன்றிக்கான சோலார் வேலி எல்லாவற்றையும் ஓட்டி வந்தார். கார்த்திகையில் மூன்று நாள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. மூன்றாம் நாள் இரவு வேலி செத்துவிட்டது. கதிர் பால் பிடித்திருந்த சமயம். விடிவதற்குள் அரை ஏக்கரைப் பன்றிகள் உழப்பிவிட்டன. "இன்னொரு தகடு போட்டாச் சரியாப் போயிருமுங்களா?" என்று கேட்டார். குறை தகட்டில் இல்லை, பேட்டரிக் கணக்கில்தான் என்று விளக்கினேன். அந்தக் கணக்கை இங்கே காண்போம்.

எந்த மாதத்துக்குக் கணக்கு?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளில் வைகாசி முதல் ஆவணி வரை நல்ல காற்று உண்டு. ஆடியில் வானம் மூடியிருந்தாலும் காற்றாலை கைகொடுக்கும். மாசி, பங்குனியில் காற்று குறைந்தாலும் வெயில் கைகொடுக்கும். இரண்டும் ஒருசேரக் கைவிடுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். எனவே பேட்டரியின் அளவை அந்த மாதங்களுக்கே முடிவு செய்ய வேண்டும்.

தினசரிச் செலவு

ஒவ்வொரு கருவியின் வாட்டையும், அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஒரு சிறு குடும்பத்துக்கான மாதிரிக் கணக்கு:

9 வாட் எல்.இ.டி. விளக்கு 4, தினம் 5 மணி நேரம் – 180
30 வாட் சிக்கன விசிறி 2, தினம் 10 மணி நேரம் – 600
40 வாட் டி.வி. 1, தினம் 3 மணி நேரம் – 120
செல்போன் சார்ஜ் – 40
மொத்தம் – 940 வாட்-மணி

இன்வெர்ட்டரில் 15 சதம் வீணாகும் என்று கொண்டால், பேட்டரியிலிருந்து தினமும் சுமார் 1,100 வாட்-மணி எடுக்க வேண்டியிருக்கும்.

பேட்டரியின் அளவு

வீட்டுக்கு இரண்டு நாள் கையிருப்பு போதும். மேகம் மூடிய நாளிலும் தகடு சிறிதளவு மின்சாரம் தரும். மூன்றாம் நாள் டி.வி.யை நிறுத்திச் சமாளிக்கலாம். இரண்டு நாளைக்கு 2,200 வாட்-மணி. ஆனால் ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அடிவரை இறக்கி அப்படியே விட்டால் உள்ளே உள்ள தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. ஆகவே இரட்டிப்பாக 4,400 வாட்-மணி வேண்டும். இதை 24 வோல்ட்டால் வகுத்தால் 183 ஆம்பியர்-மணி வரும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தால் போதும்.

கார் பேட்டரி வண்டியைக் கிளப்புவதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்படுவது, இதற்கு ஆகாது. டியூபுலர் வகையே ஏற்றது. சோலாருக்கான பேட்டரியின் கொள்ளளவை 10 மணி நேரக் கணக்கிலும் (சி10), சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியை 20 மணி நேரக் கணக்கிலும் (சி20) குறிப்பிடுவார்கள். விலையை ஒப்பிடும்போது இதைக் கவனிக்கவும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதம் வரை எடுக்கலாம் என்பதால் 2,750 வாட்-மணி போதும். ஆனால் சார்ஜ் கன்ட்ரோலர் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

தகடும் ஈடுகொடுக்க வேண்டும்

பேட்டரியை மட்டும் பெரிதாக்கினாலும் பயனில்லை. நிரம்பாமலே கிடக்கும் பேட்டரியும் சீக்கிரம் கெடும். அடைமழைக் காலத்தில் வெயில் வரும் நாளுக்கு 4 மணி நேர முழு வெயில் என்று கொண்டு, சார்ஜ் ஏறுவதில் 20 சதமும், சூடு, தூசியால் 25 சதமும் கழித்தால், தினசரிச் செலவை ஈடுகட்ட சுமார் 460 வாட் தகடு தேவை. இறங்கிய பேட்டரியை மீண்டும் நிரப்பவும் வேண்டுமாதலால் 600 வாட் போடுவது நல்லது.

காற்றாலை வைத்திருப்போர் கவனத்துக்கு

காற்றின் வேகம் பாதியானால் அதில் உள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலை மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் 450 வாட் தந்தால், 18 கிலோமீட்டர் காற்றில் 60 வாட்கூடத் தராது. எனவே ஆடி மாத வரவை நம்பிக் கார்த்திகைக்குப் பேட்டரியைக் குறைக்க வேண்டாம்.

பேட்டரி நிரம்பியதும் தகட்டைத் துண்டிக்கலாம். ஓடும் காற்றாலையைத் துண்டிக்கக் கூடாது. சுமை விட்டுப்போனால் அது வெறிபிடித்துச் சுற்றி இறக்கை முறியலாம். மிகுதி மின்சாரம் ஒரு ஹீட்டர் கம்பிச்சுருளுக்குத் திரும்பும்படி கன்ட்ரோலர் அமைக்க வேண்டும்.

வேலிக்குத் தனி பேட்டரி

வேலிக் கருவி 10 வாட் வீதம் 12 மணி நேரம் ஓடினால் ஓர் இரவுக்கு 120 வாட்-மணிதான் செலவு. மூன்று இரவுக்கு 360; இரட்டிப்பாக 720; அதாவது 12 வோல்ட்டில் 60 ஆம்பியர்-மணி. இந்தச் சிறு பேட்டரியையும் 75 வாட் தகட்டையும் வேலிக்கென்றே ஒதுக்கிவிட்டால், டி.வி. தின்ற மின்சாரத்துக்குப் பயிர் பலியாகாது. வீட்டின் 24 வோல்ட் ஜோடியில் ஒன்றிலிருந்து மட்டும் வேலிக்கு வயர் இழுத்தால் அந்த ஜோடி ஏற்றத்தாழ்வாகிக் கெடும்.

பராமரிப்பு

பேட்டரியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் நெருப்பு கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு நீர் ஊற்றக் கூடாது. பழையதையும் புதியதையும் சேர்த்து இணைக்கக் கூடாது. சில மணி நேரம் சார்ஜும் செலவும் இல்லாமல் வைத்து மீட்டரில் பார்த்தால், 12 வோல்ட் பேட்டரி நிரம்பியிருந்தால் 12.7 வோல்ட்டும், பாதியானால் 12.2 வோல்ட்டும் காட்டும். 12.2-க்குக் கீழ் இறங்க விடாதீர்கள்.

மேற்சொன்ன விவசாயி கார் பேட்டரிகளை விலக்கி, வேலிக்குத் தனி பேட்டரி வைத்துக்கொண்டார். இரண்டாவது தகடு வாங்க எடுத்துவைத்த பணமே அதற்குப் போதுமானதாக இருந்தது. நீங்களும் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குச் செல்லுங்கள்.