உழைப்போரை எண்ணும் சல்லடை

1961-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உழைப்போர் ஏறத்தாழ 18 கோடியே 87 இலட்சம் பேர். அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் மக்கள் தொகை 43.9 கோடியிலிருந்து 54.8 கோடியாகப் பெருகியது. ஆனால் 1971-ஆம் ஆண்டுக் கணக்கில் உழைப்போர் 18 கோடியே 4 இலட்சம் பேர்தாம்! பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வியப்பு இன்னும் மிகும். 5 கோடியே 94 இலட்சமாக இருந்த பெண் உழைப்பாளர் 3 கோடியே 13 இலட்சமாகக் குறைந்திருந்தனர். இரண்டே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் எங்கே போனார்கள்?

பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. தானியத்தைச் சலிக்கும்போது கண்ணின் அளவை மாற்றினால், மேலே நிற்பதும் கீழே விழுவதும் மாறுமல்லவா? இங்கும் அதுவே நிகழ்ந்தது.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டிவனம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மானாவாரி நிலக்கடலை இங்கு முக்கியப் பயிர். சொந்த நிலத்தில் களை எடுப்பது, பிடுங்கிய செடியில் காய் ஆய்வது, விதைக்காகக் கடலை உடைப்பது ஆகிய வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. அதே பெண்தான் சமையலும் செய்கிறாள், மாட்டையும் பார்த்துக்கொள்கிறாள்.

1961-இல் விதி எளிது. பருவத்தின் பெரும்பகுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தால் அவர் உழைப்பாளர். மேற்சொன்ன பெண் கணக்கில் சேர்ந்துவிடுவாள். 1971-இல், 'உங்கள் முதன்மையான பணி எது?' என்பதே முதற்கேள்வி. 'வீட்டு வேலை' என்று விடை வந்தால் அவள் உழைக்காதோர் பட்டியலில் சேர்ந்தாள். வயல் வேலை துணைப் பணியாகவே குறிக்கப்பட்டது. எனவே இவ்விரு ஆண்டுகளின் எண்களை நேராக ஒப்பிடுவது, அடிக்கோலால் அளந்ததை மீட்டர்க்கோலால் அளந்ததோடு அலகு மாற்றாமல் ஒப்பிடுவது போன்றதே.

இக்குறையைப் போக்க 1981-இல் புதிய முறை வந்தது. ஆண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைவாகச் செய்தவர் குறுங்கால உழைப்பாளர். 1991-இல், குடும்ப நிலத்திலோ தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. 2001-இல் 40 கோடியே 22 இலட்சமாக இருந்த உழைப்போர் 2011-இல் 48 கோடியே 17 இலட்சமாயினர். இவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குறுங்கால உழைப்பாளர்.

கேள்வியைப் போலவே காலமும் முக்கியம். ஐப்பசி மழையில் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்துவிடும். அப்போது 'சென்ற ஏழு நாட்களில் வேலை செய்தீர்களா?' என்றால் விடை 'இல்லை'; 'சென்ற ஓராண்டில்?' என்றால் 'ஆம்'. 2017-இல் தொடங்கிய காலமுறை உழைப்புப் படை ஆய்வு இவ்விரு அளவுகளையும் தனித்தனியே தருகிறது.

அதன் ஓராண்டு அளவின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் 2017-18-இல் 100-க்கு 23.3 பேர், 2023-24-இல் 41.7 பேர். இந்த உயர்வில் சொந்தத் தொழில் செய்வோரும், குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுவோரும் பெரும்பங்கு வகிக்கின்றனர். ஆகவே இதைக் கண்டதும் சம்பள வேலைகள் பெருகிவிட்டன என்று முடிவு கட்டுதல் கூடாது. எவ்வகை வேலை கூடியது என்று கேட்க வேண்டும்.

2021-இல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பவர் வந்து வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்டால், 'சும்மா வீட்டிலேதான் இருக்காங்க' என்று விடை சொல்வது நம் வழக்கம். காலையில் அவர்கள் ஆய்ந்த கடலை முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும்! ஆண்டு முழுவதும் அவர்கள் செய்த வேலையை எண்ணிப் பார்த்துச் சொன்னால், நாட்டின் கணக்கு அந்த அளவுக்கேனும் திருத்தமாகும்.