நவீன கலைக்கூடமும் நமது தேத்தண்ணி வடியும்

நூதனசாலை என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது 1877 ஆம் ஆண்டு கொழும்பிலே திறக்கப்பெற்ற தேசிய நூதனசாலையே. கண்டி மன்னரின் சிம்மாசனத்தையும் பொலனறுவை வெண்கலச் சிலைகளையும் கண்டு வியவாத மாணவர் இலர். நம் காலத்துக் கலையைத் தொகுத்துக் காட்டுதற்கோ, இலங்கை நவீன சமகாலக் கலை அருங்காட்சியகம் 2019 டிசெம்பரிலேதான் தோன்றிற்று. 2022 இல் அது காலி வீதிக் கிறெஸ்கற் கட்டடத்துக்கு இடம் மாறியது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் விளக்கம் தருவது அதன் தனிச்சிறப்பு.

உருவத்தை உள்ளவாறே எழுதுவதுதான் ஓவியமென்ற கொள்கையை இந்நாட்டில் அசைத்தவர்கள், 1943 இல் லயனல் வென்ற் முதலானோர் கூடி அமைத்த ‘43 குழு’வினர். அவருள் ஒருவரான ஜோர்ஜ் கீற் 1901 இல் கண்டியிற் பிறந்தவர். அவர் தீட்டிய மங்கையரின் அகன்ற விழிகளையும் வளைந்த கோடுகளையும் கண்டு, “இப்படியும் ஒரு பெண் உண்டோ?” என்று வினவுதல் பயனற்றது. எதை விடுத்தார், எதைப் பெருக்கினார், ஏன் என்று வினவுதல் வேண்டும்.

இவ்வினாவை யான் என்னிடமே கேட்க நேர்ந்தது. ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்து நம் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்றவன் யான். சித்திர வகுப்பிலே ஊரை வரையச் சொன்னால் மலை, சூரியன், பச்சை நிரைகள் ஆகியவற்றை அழகுற வரைவேன். கொழுந்தெடுப்போரைச் சிறு புள்ளிகளாக வைப்பேன். என் தாயாரும் அப்புள்ளிகளுள் ஒருவரே. லயத்தை ஒருநாளும் வரைந்திலேன். பிற மாணவர் காண்பரென்ற கூச்சந்தான்.

மலையகத் தோட்டக் குடும்பத்திற் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் என்னும் கலைஞர், சாயமேறிய தேத்தண்ணி வடியையும் தேயிலைப் பையையுமே தம் படைப்புக்குக் கருவியாக்கியவர். இதுவும் கலையோ என்று எனக்கும் முதலில் நகைப்பே வந்தது. பின்னர் அந்தச் சாயத்தை நினைந்தேன். நல்ல தேயிலை கப்பலேற, தூளைக் காய்ச்சி வடித்த வடி எங்கள் அடுப்படியில் தொங்கியது; எத்தனை கழுவினும் அதன் கறை போனதில்லை. வெளியூரார்க்கு அயலாகத் தோன்றும் இப்படைப்பு, நம் தோட்டத்தார்க்கு உரையின்றியே விளங்கும்.

காட்சிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலின் போகுமுன் விசாரித்துச் செல்க. இயலுமாயின் தோட்டத்திலுள்ள தாயாரையும் உடனழைத்துச் செல்க. யான் அழைக்க எண்ணியபோது என் தாயார் இலர்.